தம்பி ஓப்பன்ஹைமரின் தொட்டுப் பார்க்கும் கூடம்

2023ல் திரைக்கு வந்த ‘ஓப்பன்ஹைமர்’ படத்தை நம் வயதினர் பலர் பார்த்திருப்போம். அணுகுண்டுத் திட்டத்தின் அறிவியல் தலைவராக இருந்த ராபர்ட் ஓப்பன்ஹைமரின் கதை அது. அவருடைய தம்பியும் அதில் சில காட்சிகளில் தலைகாட்டுவார். பிறகு அந்தத் தம்பி என்ன ஆனார் என்று படம் சொல்லாது. அவர் பெயர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர். அவரும் இயற்பியலாளர்தான். அணுகுண்டு வேலையில் அவருக்கும் பங்கு இருந்தது. பின்னர் நாட்டில் எந்தப் பல்கலைக்கழகமும் வேலை தராத நிலை வந்து, கிட்டத்தட்ட பத்தாண்டுகள் மாடு வளர்த்துப் பிழைத்தார். 57 வயதில் சான் ஃபிரான்சிஸ்கோ நகரில் ஒரு பெரிய கூடத்தைத் திறந்தார்.

அறிவியல் நிலையத்துக்குப் போனால் நாம் கைப்பிடியைச் சுழற்றுகிறோம், நிழலோடு விளையாடுகிறோம், புகை வளையத்துக்குள் கையை விடுகிறோம். இந்தப் பழக்கம் உலகெங்கும் பரவியதில் அந்தக் கூடத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஃபிராங்க்மீது எனக்கு ஆர்வம் வந்ததற்குக் காரணம் வேறு. அவர் தம் கூடத்துக்குள் கலைஞர்களை அழைத்து வந்து, விஞ்ஞானிகளுக்குச் சமமான ஆய்வாளர்களாக உட்கார வைத்தார். அறிவியலா கலையா என்று உயர்நிலை இரண்டிலேயே படிவம் நிரப்பும் நமக்கு அது கொஞ்சம் விசித்திரமாகத் தெரியலாம். எனக்கும் அப்படி ஓர் அனுபவம் உண்டு. நான் படித்த பள்ளியில் ஓவியப் பாடமும் இயற்பியலும் ஒரே நேரத்தில் நடந்ததால், இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடிந்தது. நான் இயற்பியலை எடுத்தேன். ஓவியத்துக்கு அதற்குப் பிறகு நேரம் வாய்க்கவே இல்லை.

ஃபிராங்க் 1912ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் தேதி நியூயார்க்கில் பிறந்தார். ராபர்ட் அவரைவிட எட்டு வயது மூத்தவர். ஜெர்மனியிலிருந்து வந்த தந்தை ஜூலியஸ், துணி இறக்குமதியில் செல்வம் சேர்த்தவர். தாய் எல்லா ஓர் ஓவியர். வீட்டுச் சுவரில் வான் கோ வரைந்த அசல் ஓவியங்கள் தொங்கின. மற்ற பிள்ளைகள் அரும்பொருளகத்தில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கும் ஓவியங்கள், இவருக்குச் சாப்பாட்டு நேரத்தில் கண்ணில் படுபவை. ஃபிராங்க் புல்லாங்குழலும் நன்றாக வாசிப்பார். அதையே தொழிலாக எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்த அளவுக்கு வாசிப்பார். கடைசியில் அண்ணன் போன பாதையிலேயே போனார். 1933ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பட்டம், பிறகு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வுக்கூடம், 1939ல் கலிஃபோர்னியாவின் கால்டெக்கில் முனைவர் பட்டம்.

இதற்கிடையே 1936ல் ஜாக்கி என்ற ஜாக்குனெட் குவானை மணந்தார். அமெரிக்காவில் பொருளியல் மந்தநிலை மக்களை வாட்டிய காலம் அது. 1937ல் கணவனும் மனைவியும் கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்தனர். அவர்கள் வாழ்ந்த பசடேனா நகரின் பொது நீச்சல் குளத்தில் கறுப்பினத்தவர் வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் இறங்கலாம். அதை மாற்றவேண்டும் என்று அவர்கள் பாடுபட்டார்கள், பலன் கிடைக்கவில்லை. சில ஆண்டுகளில் கட்சியிலிருந்து விலகியும்விட்டார்கள். அந்தச் சில ஆண்டுகள் பின்னால் அவர்களை விடாமல் துரத்தின.

போர் வந்தது. பெர்க்லியில் எர்னஸ்ட் லாரன்ஸின் குழுவில் சேர்ந்து, குண்டுக்குத் தேவையான யுரேனியம் 235ஐப் பெரிய காந்தங்களின் உதவியால் பிரித்தெடுக்கும் வேலையைச் செய்தார் ஃபிராங்க். பிறகு ஓக் ரிட்ஜ் ஆலை, கடைசியில் லாஸ் அலமோஸ். 1945 ஜூலை 16ஆம் தேதி விடிகாலையில், நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டு சோதிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 9 கிலோமீட்டருக்கு அப்பால் கட்டுப்பாட்டு அறைக்கு வெளியே அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் தரையில் படுத்திருந்தார்கள். மூன்று வாரம் கழித்து ஹிரோஷிமா அழிந்தது. அந்த ஆயுதம் மனிதருக்கு என்ன செய்யும் என்பதைப் பொதுமக்களுக்கு எடுத்துச் சொல்வது விஞ்ஞானிகளின் கடமை என்று பேசத் தொடங்கியவர்களில் ஃபிராங்கும் ஒருவர்.

1947ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பெரிய பலூன்களில் கருவிகளைக் கட்டி வானத்தின் உச்சிக்கு அனுப்பி அண்டக் கதிர்களை ஆராய்ந்தார். ஹைட்ரஜனைவிடக் கனமான தனிமங்களின் அணுக்கருக்களும் அந்தக் கதிர்களில் வருகின்றன என்று 1948ல் கண்டறிந்த குழுவில் அவர் இருந்தார். இயற்பியலில் அவருக்கென்று ஓர் இடம் உருவாகிக்கொண்டிருந்த நேரம்.

அதே 1947ல்தான் ஒரு செய்தித்தாள் அவரைப் பழைய கம்யூனிஸ்டு என்று எழுதியது. அவர் மறுத்தார். அது பொய். பல்கலைக்கழகத்திடமும் அதே பொய்யைத்தான் சொன்னார். ஃபிராங்கைப் போற்றி எழுதுபவர்கள் இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிப் போவதுண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. 1949 ஜூன் மாதத்தில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்று அவரையும் ஜாக்கியையும் விசாரித்தபோது, கட்சியில் இருந்தது உண்மை என்று ஒப்புக்கொண்டார். தம்மைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். உடன் இருந்த நண்பர்களின் பெயர்களைக் கேட்டபோது மட்டும் சொல்ல மறுத்துவிட்டார். அன்றே வேலை போயிற்று. அப்போது அவருக்கு வயது 36.

அதற்குப் பிறகு எந்தப் பல்கலைக்கழகமும் அவருக்குக் கதவு திறக்கவில்லை. தந்தை வழியில் வந்த வான் கோ ஓவியம் ஒன்றை விற்று, கொலராடோ மலைப்பகுதியில் பகோசா ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையை வாங்கினார். மாட்டைப் பற்றியும் வைக்கோலைப் பற்றியும் எதுவுமே தெரியாத இயற்பியலாளருக்கு அக்கம்பக்கத்துப் பண்ணையாளர்கள்தான் ஆசிரியர்கள். பனியில் கன்று ஈனும் பசுவுக்குக் கைகொடுக்கவும், கெட்டுப்போன இயந்திரத்தைத் தாமே பிரித்துப் பழுதுபார்க்கவும் கற்றுக்கொண்டார். அரசாங்க உளவாளிகள் அங்கேயும் வந்து அண்டை வீட்டாரிடம் இவரைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனார்கள்.

1957ல் அந்த ஊர் உயர்நிலைப் பள்ளிக்கு அறிவியல் ஆசிரியர் தேவைப்பட்டார். ஃபிராங்க் போய்ச் சேர்ந்தார். சிறிய பள்ளி என்பதால் இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாவற்றையும் அவரே நடத்தவேண்டியிருந்தது. மாணவர்களை ஊருக்கு வெளியே இருந்த குப்பை மேட்டுக்கு அழைத்துப் போவார். பழைய காரின் உதிரிபாகங்களைக் கழற்றி எடுத்து வந்து, அவற்றை வைத்தே வெப்பத்தையும் மின்சாரத்தையும் விசையையும் விளக்குவார். அந்தச் சிற்றூரின் மாணவர்கள் மாநில அறிவியல் போட்டியில் பரிசு வாங்கினார்கள். 1959ல், புகழ்பெற்ற இயற்பியலாளர்கள் சிலரின் பரிந்துரையோடு, கொலராடோ பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே அவர் சோதனைகளுக்கென்று ஒரு நூலகம் அமைத்தார். அலமாரியில் புத்தகம் இருப்பதுபோல, பல பத்துச் சோதனைக் கருவிகள் எப்போதும் தயாராக இருக்கும். மாணவர் தமக்கு வசதியான நேரத்தில் வந்து, வேண்டியதைச் செய்து பார்த்துவிட்டுப் போகலாம். வரிசை எண்படி செய்யவேண்டிய கட்டாயம் இல்லை. இரண்டு மணி நேரத்தில் முடித்து அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு ஓடும் நம் ஆய்வுக்கூட வகுப்புகளை நினைத்து நான் பெருமூச்சு விட்டேன்.

சான் ஃபிரான்சிஸ்கோ கூடத்தின் விதை எங்கே விழுந்தது என்று கேட்டால், பலரும் ஐரோப்பாவைச் சொல்வார்கள். 1965ல் ஓர் உதவித்தொகை பெற்று அங்கே போனவர், லண்டன், பாரிஸ், மியூனிக் நகரங்களின் அறிவியல் அரும்பொருளகங்களைப் பார்த்து வியந்தார் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குப்பை மேட்டுக்குத்தான் அதிகப் பங்கு என்று நினைக்கிறேன். தேய்ந்த உதிரிபாகத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பதை அவர் அங்கேதான் பார்த்தார்.

கூடத்துக்கான கட்டடமும் கிட்டத்தட்ட ஒரு பழைய பொருள்தான். 1915ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ‘நுண்கலை மாளிகை’ அது. கண்காட்சி முடிந்ததும் உள்ளே டென்னிஸ் விளையாடினார்கள், போர்க்காலத்தில் ராணுவ வண்டிகளை நிறுத்தினார்கள். 1960களில் அதைப் புதுப்பித்த பிறகு, வளைந்த பெரிய கூடம் ஒன்று காலியாகக் கிடந்தது. ஃபிராங்கும் ஜாக்கியும் அதைக் கேட்டு வாங்கினார்கள். 1969ல் ‘எக்ஸ்புளோரட்டோரியம்’ திறந்தது. ரிப்பன் வெட்டவில்லை, சிறப்பு விருந்தினர் இல்லை. கதவைத் திறந்து வைத்தார்கள், வழியே போனவர்கள் உள்ளே வந்தார்கள். அப்போது காட்டுவதற்கும் அதிகம் இல்லை. பட்டறையை மறைக்காமல் பார்வையாளர் கண்முன்னே வைத்தார்கள். மரம் அறுப்பதையும் இரும்பு பற்றவைப்பதையும் நின்று பார்க்கலாம். விளக்க அட்டைகளையும் வரைபடங்களையும் உருவாக்கும் பிரிவை ஜாக்கி கவனித்துக்கொண்டார். கட்டுரைகள் பெரும்பாலும் ஃபிராங்கின் பெயரோடு நின்றுவிடுகின்றன. இருவரும் சேர்ந்து கட்டியது அது.

திறந்த சில வாரங்களிலேயே லண்டனிலிருந்து ஒரு கலைக் கண்காட்சி அங்கே வந்து சேர்ந்தது. ‘சைபர்னெடிக் செரண்டிபிட்டி’ என்பது அதன் பெயர். கணினி வரைந்த படங்கள், ஒலிக்கும் ஒளிக்கும் ஏற்ப அசையும் இயந்திரங்கள் எல்லாம் அதில் இருந்தன. கண்காட்சி முடிந்த பிறகும் சில படைப்புகளை ஃபிராங்க் அங்கேயே வைத்துக்கொண்டார். ஆக, அறிவியல் கூடமாகத் தொடங்கிப் பிறகு கலையைச் சேர்த்துக்கொண்ட இடம் அல்ல அது. முதல் ஆண்டிலேயே இரண்டும் ஒரே தரையில் நின்றன.

ஏன் கலை? ஃபிராங்கின் சிந்தனை எளிமையானது. நாம் உலகத்தை அறிவது கண், காது, தோல் வழியாக. ஓவியரும் இயற்பியலாளரும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். மற்றவர் கவனிக்காத ஒன்றை இருவருமே கவனிக்கிறார்கள், பிறகு அதை மற்றவருக்கும் தெரியும்படி செய்கிறார்கள். அதனால் புலன்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதையே கூடத்தின் நடுநாயகமாக வைத்தார். அறிவியலை விளக்க ஓர் அழகான படம் வரைந்து தரும்படி கலைஞரிடம் கேட்பது அவருக்குப் பிடிக்காது. கலைஞர் தம் சொந்தக் கேள்வியோடு வரவேண்டும். 1974ல் கலைஞர்கள் அங்கேயே தங்கி வேலை செய்யும் திட்டத்தைத் தொடங்கினார்.

அப்படி உருவானவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது பாப் மில்லர் என்ற கலைஞரின் ‘சூரிய ஓவியம்’. கூரையில் உள்ள ஒரு கண்ணாடி, சூரியன் நகர நகரத் தானும் திரும்பி, வெயிலை ஒரே திசையில் உள்ளே அனுப்புகிறது. அந்த வெயில் முப்பட்டகங்கள் வழியாகப் போய் நிறமாலையாக விரிகிறது. வரிசையாக நிற்கும் மெல்லிய கண்ணாடிப் பட்டைகள், ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே பிடித்து வெள்ளைத் திரையில் எறிகின்றன. கலக்காத தூய நிறங்கள். நடுவில் நாம் போய் நின்றால் நம் சட்டைமேல் நிறங்கள் விழும், கையை நீட்டினால் படம் மாறும். மேகம் வந்தால் ஓவியமே மறைந்துபோகும். நியூட்டனின் முப்பட்டகச் சோதனையை நான் பாடப்புத்தகத்தில் முக்கோணமும் அம்புக்குறியுமாக வரைந்து மதிப்பெண் வாங்கியவன். அதே விஷயத்துக்குள் உடம்போடு நுழைய முடியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

1971ல் ஆகஸ்ட் கோப்பலா வடிவமைத்த ‘தொடு கூண்டு’ இன்னொன்று. உள்ளே கும்மிருட்டு. தவழ்ந்தும் ஏறியும் சறுக்கியும்தான் போகவேண்டும். கைக்குத் தட்டுப்படும் சொரசொரப்பும் வழுவழுப்பும்தான் வழிகாட்டி. கண் இல்லாமல் கலையை எப்படி அனுபவிப்பது என்று கேட்பவருக்கு அந்த இருட்டுதான் பதில்.

கூடத்தில் வருகையாளர்களுக்கு உதவியவர்கள் யார் தெரியுமா? பெரும்பாலும் நம்மைப் போன்ற, நம்மைவிட இளைய உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். ஆரஞ்சு நிற மேல்சட்டை அணிந்து சுற்றுவார்கள். மாட்டுக் கண்ணை அறுத்து, உள்ளே இருக்கும் வில்லையை எடுத்துக் காட்டுவதும் அவர்கள் வேலை. வகுப்பில் முதலிடம் பெற்றவர்களை மட்டும் பொறுக்கி எடுக்கவில்லை. பல பின்னணிகளிலிருந்து வந்த பிள்ளைகளைச் சேர்த்தார்கள். தெரியாத கேள்வி வந்தால், வந்தவரோடு சேர்ந்து தேடினால் போதும். எதையும் தொடாதே என்ற அறிவிப்பும் கிடையாது. பொருள்கள் உடையத்தான் செய்தன. பட்டறைதான் பக்கத்திலேயே இருந்ததே.

இந்த நம்பிக்கைக்கும் அவருடைய கடந்தகாலத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்பது என் கருத்து. ஒரு சிலருக்கு மட்டும் புரிந்த அறிவியல், பூட்டிய கதவுக்குள் வளர்ந்தால் எங்கே போய் முடியும் என்பதை அவர் பாலைவனத்தில் படுத்துக்கொண்டு பார்த்தவர். பயந்துபோன மக்களை எவ்வளவு எளிதாக வழிநடத்தலாம் என்பதை விசாரணை அறையில் பார்த்தவர். உலகம் தமக்குப் புரியாது என்று சாதாரண மனிதர் கைவிட்டுவிட்டால், அவருக்காக வேறு யாராவது முடிவெடுத்துவிடுவார்கள். அதைத் தடுக்க ஒரு கூடம் போதுமா என்றால் போதாதுதான். ஆனால் ஃபிராங்க் கட்சியும் தொடங்கவில்லை, சுயசரிதை எழுதிக் கணக்குத் தீர்க்கவும் இல்லை. ஊசலை ஆட்டிவிட்டு அது வரையும் கோட்டைப் பார்க்கும்படி ஒரு மேசையைச் செய்து வைத்தார்.

கூடத்தின் கருவிகளை எப்படிச் செய்வது என்பதையும் அவர் மறைக்கவில்லை. 1970களின் நடுப்பகுதியில், ‘சமையல் புத்தகம்’ என்றே பெயரிட்டு, ஒவ்வொரு காட்சிப்பொருளுக்கும் செய்முறை வெளியிட்டார்கள். யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்துகொள்ளலாம். அந்தப் பத்தாண்டில் உலகின் பல நகரங்களில் இத்தகைய நிலையங்கள் முளைத்தன. நம் சிங்கப்பூர் அறிவியல் நிலையம் திறந்ததும் 1977ல்தான்.

நமக்கு இன்னும் நெருக்கமான தொடர்பு ஒன்று மரினா பேயில் இருக்கிறது. ஃபிராங்கின் கடைசி ஆண்டுகளில் நெட் கான் என்ற இளைஞர் எக்ஸ்புளோரட்டோரியத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பனிமூட்டத்தையும் மின்விசிறிகளையும் வைத்து, ஆளுயரத்துக்கும் மேல் எழும் ஒரு சூறாவளியை உருவாக்கினார். கையை உள்ளே விட்டால் சுழல் கலையும், எடுத்தால் மீண்டும் எழும். பின்னாளில் பெயர்பெற்ற கலைஞரான அதே நெட் கான்தான் மரினா பே சேண்ட்ஸ் கடைத்தொகுதியில் ‘ரெய்ன் ஆக்யுலஸ்’ என்ற நீர்ச்சுழியை அமைத்தவர். ஏறத்தாழ 21 மீட்டர் அகலமுள்ள ஒளி ஊடுருவும் கிண்ணத்தில் தண்ணீர் சுழன்று, நடுவிலுள்ள துளை வழியாகக் கீழே குளத்தில் கொட்டுகிறதே, அதுதான். ஹோட்டலின் ஒரு பக்கச் சுவரில் காற்று வீசும்போது அலையலையாக மினுங்கும் 260,000 அலுமினியத் தகடுகளும் அவர் படைப்பே. அவற்றை அசைப்பது மோட்டார் இல்லை, வெறும் காற்று.

நான் அந்த நீர்ச்சுழியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் சுற்றி நிற்பவர்கள் கைப்பேசியில் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நானும் பல முறை அதைத்தான் செய்திருக்கிறேன். சான் ஃபிரான்சிஸ்கோவில் சூறாவளிக்குள் கையை விட்டுக் கலைத்துப் பார்க்கலாம். இங்கே பார்வையாளருக்கு அந்த வேலை இல்லை. நீரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு சக்கரமாவது இருந்தால், துளையை நெருங்க நெருங்கத் தண்ணீர் ஏன் வேகம் எடுக்கிறது என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். விலை உயர்ந்த கடைகளுக்கு நடுவே அதை எதிர்பார்ப்பது என் பேராசையாக இருக்கலாம்.

ஜாக்கி 1980ல் காலமானார். ஃபிராங்க் 1985 பிப்ரவரி 3ஆம் தேதி மறைந்தார். அதுவரை அவர்தான் கூடத்தின் இயக்குநர். 2013ல் எக்ஸ்புளோரட்டோரியம் பழைய மாளிகையைவிட்டுக் கடலோரத்தில் 15ஆம் எண் படகுத்துறைக்கு இடம் மாறியது.

அவர் ஆதரித்து, பார்க்காமலே போன கலைப்படைப்பு ஒன்று பழைய மாளிகைக்கு அருகே விரிகுடாவில் நீட்டிக்கொண்டிருக்கும் கல்லணையின் முனையில் இருக்கிறது. ‘அலை ஆர்கன்’ என்பார்கள். அங்கே பணியாற்றிய கலைஞர் பீட்டர் ரிச்சர்ட்ஸ் எண்ணிய படைப்பை, கல்தச்சர் ஜார்ஜ் கொன்சாலஸ் சேர்ந்து கட்டினார். இடிக்கப்பட்ட கல்லறைத் தோட்டம் ஒன்றின் கருங்கல்லும் பளிங்கும்தான் படிகளும் இருக்கைகளும். அவற்றுக்கிடையே 25 குழாய்கள் வெவ்வேறு உயரங்களில் கடலுக்குள் இறங்குகின்றன. அலை வந்து மோதும்போது குழாய்க்குள் நீர் ஏறி இறங்கும், உள்ளிருக்கும் காற்று முனகும், களகளக்கும். 1986 மே மாதம் வேலை முடிந்தது. அதை ஃபிராங்கின் நினைவுக்கு அர்ப்பணித்தார்கள். ஒலி மெல்லியது. குழாயின் வாயில் காதை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் சும்மா உட்காரவேண்டும். கடல் ஏறும் நேரம் பார்த்துப் போவது நல்லது. நீர் வற்றியிருக்கும்போது குழாய்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை.